கைப்பிடியின் விளிம்பு

மாதா துணை

தாடிக்கொம்பு,
சனிக்கிழமை மத்தியானம்.

அன்பு மகள் கீர்த்தனாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. அந்தப் பனி ஊரில் நீயும் மாப்பிள்ளை ரோஹித்தும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க மாதா துணை நிற்கட்டும். நாங்களும் சுகம் என்றுதான் அடுத்த வரி எழுதக் கை போகிறது, பழக்கம் அப்படி, ஆனால் அது பாதிப் பொய்யாகிவிடும் என்பதால் எழுதாமல் விடுகிறேன். பயந்துவிடாதே, கடைசிவரை படி. போன் இருக்கும்போது இதென்ன காகிதம் என்று நினைப்பாய். போனில் நீ கூப்பிட்டாலே அப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், நீ பேசும் ஒரு சொல்லையும் விடுவதில்லை, அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி நான் என்னத்தைச் சொல்வது. எதிர்வீட்டு முகேஷ்குமார் நீ இருக்கும் ஊருக்குப் படிக்க வருகிறான் அல்லவா, அவன் பெட்டியில் அப்பா உனக்காகச் செய்த முறுக்கு அச்சு வருகிறது. இந்தக் கடிதத்தை மட்டும் தனியாகக் கொடுத்து, அக்கா கையில் நேரில் கொடுடா என்று சொல்லியிருக்கிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும், அவரிடம் மறைக்க ஒன்றும் இல்லை. அப்பாவிடம் மட்டும் காட்டிக்கொள்ளாதே.

இங்கே மழை இந்த வருஷம் ஏமாற்றவில்லை, குடகனாற்றில் தண்ணீர் ஓடுகிறது, பார்க்க ஆசையாக இருந்தாலும் உன் சித்தப்பா போட்ட வெங்காயம் பாதி வயலிலேயே அழுகிப்போயிற்று. கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் கட்டும் வேலை தொடங்கிவிட்டது, வழக்கமாக உன் அப்பாதான் அதற்குக் கம்பி வளைத்துக் கொடுப்பார், இந்த முறை பங்குச் சாமியார் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார். ஏன் என்று நீ கேட்பாய், அதைத்தான் சொல்ல வருகிறேன். ஆடி மாதக் கடைசியில் ஒருநாள் காலையில் ஃபிரிட்ஜ் கதவில் ரத்தக்கறை இருந்தது. பூனை எலியைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்திருக்கும் என்று துடைத்துவிட்டேன். அப்புறம் தண்ணீர்ப் பானை மூடியில், அப்புறம் ஹால் சுவிட்சில், அப்புறம் நான் மடித்து வைத்த வெள்ளைத் துண்டில். வீட்டில் இருப்பது இரண்டே பேர், என் உடம்பில் ஒரு கீறல் இல்லை. அப்பா முற்றத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், பேப்பரின் ஓரம் முழுக்கச் சிவப்பு. கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தால் கட்டைவிரல் வாய் பிளந்த மாதிரி வெட்டுப்பட்டிருக்கிறது. இது எப்பங்க வெட்டுச்சு என்றேன். அவர் என் முகத்தைத்தான் பார்த்தார், விரலைப் பார்க்கவில்லை, "எது புள்ள?" என்று கேட்டார்.

பின்புறக் கொட்டகையில் அவர் வைத்திருக்கும் சின்ன மில்லிங் மெஷின் உனக்குத் தெரியும், நூல் மில்லில் ஃபிட்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் வாங்கியது. சுற்றுகிற கட்டரால் அதில் இரும்பைச் சீவி எடுத்தால் விளிம்பில் பிசிறு நிற்கும், பிளேடு மாதிரி இருக்கும், அதை அரத்தால் ராவி, விரலால் தடவிப் பார்த்து, மறுபடி ராவி மழுக்குவார், அந்த வேலையில்தான் விரல் கிழிந்திருக்கிறது. கிழிந்தது அவருக்குத் தெரியவே இல்லை. திண்டுக்கல்லில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையை எடுத்து விரல்விரலாகக் குத்தினார், தொட்டது தெரிந்தால் தெரியுது என்று சொல்லுங்கள் என்றார். கையில் பத்து விரலும் முடித்து, காலுக்கும் போய்விட்டார். அப்பா கண்ணை மூடியபடியே, "இன்னும் ஆரம்பிக்கலயா டாக்டர்?" என்று கேட்டார். டாக்டர் அந்த இழையைச் சுருட்டி வைத்தார், நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டது, போனது இனித் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், வேலை செய்யும்போது எப்போதும் கையுறை போடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். வெளியே வந்ததும் அப்பா சிரித்தார். சுத்துற மெஷின்கிட்ட கையுறை போட்டவன் கை அவனுக்கு இல்லை, மில்லில் ஒருத்தனைத் துணியோடு இழுத்ததைக் கண்ணால பார்த்தவன் நான், டாக்டருக்கு அது தெரியுமா என்றார். போட்டாலும் ஆபத்து, போடாவிட்டாலும் ஆபத்து, நான் யார் பேச்சைக் கேட்பது சொல்.

இப்படியே இரண்டு மாதம் போயிற்று, மெஷினை விற்றுவிடலாம் என்று சொல்ல வாயெடுத்த நேரத்தில்தான் நீ கூப்பிட்டாய். தீபாவளிக்கு அங்கே நம் ஆட்களுக்கு முறுக்குச் சுட்டுக் கொடுத்ததில், கடையில் வாங்கிய அச்சின் கைப்பிடி விளிம்பு உள்ளங்கையை அழுத்திக் கன்றிப்போனது என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னாய். உன்னைக் குறை சொல்லவில்லை தாயி, நீ என்ன கண்டாய். அப்பாவின் முகம் அப்படி மலர்ந்ததைப் பார்த்து நாளாயிற்று. மறுநாளே கனமான எவர்சில்வர் பட்டை, எஸ்.எஸ். என்பார்கள், வாங்கி வந்துவிட்டார், வெண்ணெயில் விரல் ஓடுகிற மாதிரி விளிம்பே இல்லாத இரண்டு கைப்பிடி போட்டு அச்சுச் செய்து அனுப்புகிறேன் பார் என்றார். என்னிடம் ஒரு கணக்குச் சொன்னார். அரத்தைத் தொட்டால்தானே விரல் கிழியும், விளிம்பை மெஷினே உருட்டிவிட்டால் கை படவே வேண்டாம், அதற்கென்று ரேடியஸ் கட்டர் என்று ஒன்று இருக்கிறது, அதன் பல் உள்பக்கமாகக் குழிந்திருக்கும், பட்டையின் ஓரத்தில் ஓட்டினால் கூர் போய் உருண்டையாக வந்துவிடும் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது, நானும் மாதா வழி காட்டினாள் என்று நம்பினேன்.

முதலில் போனில் பார்த்து மலிவாக ஒரு கட்டரை வரவழைத்தார். அதை மாட்டி ஓட்டியபோது மெஷின் போட்ட சத்தம் ஆட்டை அறுக்கிற சத்தம் மாதிரி இருந்தது, எதிர்வீட்டில் நாய் ஊளையிட்டது. பட்டையை எடுத்து வந்து ஆசையாகத் தடவிக்கொண்டே, "வழுவழுன்னு இருக்கு, நீயும் பாரு" என்று நீட்டினார். நான் தொட்டதும் விரல் கிழிந்தது. உருண்டை முடிகிற இடத்தில் நீளத்துக்கு வரப்பு மாதிரி ஒரு கூர் நிற்கிறது, இரண்டு பக்கமும். அவர் அந்த வரப்பின் மேலேதான் அவ்வளவு நேரம் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். என் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தன் கையைத் திருப்பிப் பார்த்தார், அவர் விரலிலும் கோடு கோடாக இருந்தது. அன்று சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை. சாயங்காலம் வரை முற்றத்திலேயே உட்கார்ந்திருந்தார், நான் எதிரே உட்கார்ந்து அவரைக் கேட்காமலே மருந்து போட்டுக் கட்டினேன்.

அதன்பிறகு தனியாக விட எனக்கு மனமில்லை, டவுனில் நாச்சிமுத்து அண்ணன் டூல்ஸ் கடைக்கு நானும் கூடவே போனேன். அவர் மூன்று வகை கட்டரை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று துண்டு பிளேடுகளைத் திருகி மாட்டுவது, பெரிய மெஷினுக்கு ஆகும், உங்க மெஷின் அதைத் தாங்காது, நடுங்கும் என்று தள்ளிவைத்தார். இன்னொன்று கார்பைடு, கூர் நாள்பட நிற்கும், ஆனால் மெஷின் செத்த நேரம் அதிர்ந்தாலும் பல் தெறித்து முகத்துக்கு வரும் என்றார். மூன்றாவது கோபால்ட் கலந்த ஸ்டீல், எண்ணெய் விட்டுக்கொண்டு மெதுவாக ஓட்டினால் எஸ்.எஸ்.ஸுக்கு இதுதான் சரி, ஓரிடத்தில் நின்று தேய்க்க விடாதீங்க, பட்டை இறுகிப்போயி கட்டரைத் தின்னுரும் என்றார். வரப்பு நிற்பதைச் சொன்னேன். அவர் அந்த ஸ்டீல் கட்டரை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார், குழிவு முடிகிற இரண்டு முனையும் லேசாக வெளியே சாய்ந்திருந்தது, முனை இப்படிச் சாய்வாக இருந்தால் பட்டையில் உழாது, நேராக இருந்தால் வரப்புப் போடும், வாங்கும்போது பார்க்க வேண்டியது இதைத்தான் என்றார். பட்டையின் கனத்தில் பாதி அளவுக்கு வளைவு எடுத்தால் இரண்டு பக்கமும் ஓட்டி முழு உருண்டையாகவே முடித்துவிடலாம் என்று அப்பா சொல்ல, அவரும் ஆமாம் என்று அந்த அளவிலேயே எடுத்துக் கொடுத்தார். கட்டரை வாங்கிய அப்பா பழைய பழக்கத்தில் கட்டைவிரலைப் பல்லின்மேல் ஓட்டிக் கூர் பார்க்கப் போனார், நான் பாய்ந்து பிடுங்கினேன். கடைக்காரர் அதைக் கண்டுகொண்டார். அப்பா வண்டியைத் திருப்பப் போன சமயம் என்னைக் கூப்பிட்டு, "அக்கா, நான் விக்கிறவன், இத நான் சொல்லக் கூடாது. அண்ணனுக்கு கை இப்படி ஆயிருச்சுன்னா மெசினக் குடுத்துருங்க. கட்டர் நல்ல கட்டர்தான், அது என்ன செய்யும்?" என்றார். வழி முழுக்க அந்தப் பேச்சு என் காதில் இருந்தது, வண்டியில் பின்னால் உட்கார்ந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

கட்டர் நல்ல கட்டர்தான். மெஷின் அலறவில்லை, எண்ணெய் புகையோடு அடித்தொண்டையில் பாடுகிற மாதிரி ஒரு சத்தம், முதல் கைப்பிடி கண்ணாடி போல வந்தது, நான் தடவிப் பார்த்தேன், ஒரு குறை இல்லை. எனக்கே பயம் கொஞ்சம் விட்டுப்போயிற்று. பட்டையை அறுக்கவும் தூக்கவும் கையுறை, மெஷினைப் போடும் முன் கழற்றிவிடுவது என்று அவராகவே ஒரு முறை வைத்துக்கொண்டார், டாக்டர் பேச்சு, மில் பேச்சு இரண்டையும் கேட்டாயிற்று என்று சொல்லிச் சிரித்தார். இரண்டாவது கைப்பிடிக்குப் பட்டை மாட்டிய அன்று காலை பதினொரு மணி இருக்கும், நான் மோர் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. வலது கை வெறும் கை, பட்டையை நகர்த்தும் சக்கரத்தைச் சுற்றுகிறது. இடது கையில் நூல் கையுறை அப்படியே இருக்கிறது. அந்தக் கையாலேயே கட்டர் பக்கத்தில் சேரும் இரும்புச் சுருளைத் தள்ளித் தள்ளிவிடுகிறார். போட்டிருப்பது அவருக்குத் தெரியவில்லை தாயி. கழற்றிவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். கையில் கையுறை இருப்பதையே உணராத கை அது.

கத்த வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை, வராததும் நல்லதுதான், கத்தியிருந்தால் திடுக்கிட்டுத் திரும்பியிருப்பார், கை எங்கே போயிருக்குமோ. டம்ளரைக் கீழே போட்டுவிட்டு மீட்டர் பெட்டிக்கு ஓடி மெயினை இறக்கினேன். மெஷின் சத்தம் இறங்கி இறங்கி நின்றது. உள்ளேயிருந்து அவர் குரல் சாதாரணமாக, "ஏ புள்ள, கரண்ட் போயிருச்சா?" என்று கேட்டது. நான் போய்ப் பார்த்தேன். கையுறையின் விரல்கள் கட்டரில் சுற்றி முறுக்கிக்கொண்டு நிற்கிறது, எண்ணெயோடு எண்ணெயாகச் சிவப்பு சொட்டுகிறது, அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. கைய எடுக்காதீங்க, அப்படியே நில்லுங்க என்றேன். அப்போதுதான் குனிந்து பார்த்தார். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரன் கையைப் பார்ப்பது போலப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். முகேஷ்குமாரின் அப்பா ஓடிவந்து கட்டரைக் கையாலேயே பின்னோக்கிச் சுற்றித் துணியை அவிழ்த்தார், ஆட்டோவில் டவுனுக்குப் போனோம். வழி முழுவதும் அப்பா, கட்டர் பல் போயிருக்குமோ, பட்டை கீறியிருக்குமோ என்று அதையேதான் பேசினார். நான் அந்தக் கையை என் மடியில் துண்டுக்குள் சுற்றிப் பிடித்திருந்தேன், அது எப்படிச் சூடாக இருந்தது என்று எனக்குத்தான் தெரிந்தது.

மோதிர விரலும் சுண்டு விரலும் நுனி போய்விட்டது. அந்த வாரம் நீ கூப்பிட்டபோது அப்பாவுக்குச் சளி, பேச முடியவில்லை என்று சொன்னேன் அல்லவா, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுதான் அதைச் சொன்னேன். மரத்த கைக்கு வலி இல்லை, வலி இல்லாததுதான் பெரிய ஆபத்து என்று டாக்டர் சொன்னார், சீழ் வைத்தாலும் அவர் சொல்ல மாட்டார், நீங்கள்தான் தினமும் பார்க்க வேண்டும் என்றார். தினமும் பார்க்கிறேன். வீட்டுக்கு வந்தபின் அவர் கொட்டகைப் பக்கமே போகவில்லை, நானும் பூட்டிச் சாவியை வைத்துக்கொண்டேன். விடிந்தால் முற்றம், பொழுது சாய்ந்தால் முற்றம், டி.வி. கூடப் போடுவதில்லை. ஒருநாள் மத்தியானம் அடுப்படிக்கு வந்து நின்று, "ஒத்தக் கைப்பிடியோட அத எப்படிம்மா அந்தப் புள்ளைக்கு அனுப்புறது?" என்று கேட்டார். என்னை அம்மா என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் அடுப்பை அணைத்துவிட்டுச் சாவியை எடுத்தேன். செய்தது சரியா தவறா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. மெஷினைப் போடும் முன் இரண்டு கையையும் என் முன்னால் நீட்டித் திருப்பிக் காட்ட வேண்டும், சுருளைத் தள்ள பிரஷ் தவிர வேறு கூடாது, நான் மெயின் சுவிட்சில் கை வைத்துக்கொண்டுதான் நிற்பேன் என்றேன். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒவ்வொரு முறை ஓட்டி முடித்ததும் மெஷினை நிறுத்துவார், நான் வந்து விளிம்பைத் தடவிச் சொல்வேன், இங்கே கொஞ்சம் நிற்கிறது, இங்கே சரி என்று. அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருப்பார். முடிந்த அன்று கைப்பிடிகளை அச்சில் பூட்டி, துணியில் சுற்றி, முகேஷ்குமார் வீட்டில் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். அதற்கப்புறம் கொட்டகை பூட்டித்தான் இருக்கிறது, மெஷினை நாச்சிமுத்து அண்ணன் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார், பொங்கலுக்குள் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அப்பா சரி என்றார்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். நேற்றுக் கட்டுப் பிரிக்கும்போது மோதிர விரல் தையல் ஓரம் கறுப்பாக இருந்தது. மை தொட்ட மாதிரி கொஞ்சூண்டுதான். அழுக்கு என்று நினைத்து வெந்நீரில் துடைத்தேன், போகவில்லை. அவரிடம் காட்டினால், "எண்ணெக் கறையா இருக்கும், விடு" என்கிறார். திங்கட்கிழமை டாக்டரிடம் போகிறோம். இன்னும் கொஞ்சம் எடுக்க வேண்டியிருக்கும் என்று நர்ஸ் போனில் சொல்லிவிட்டாள், எவ்வளவு என்று சொல்லவில்லை. இது அப்பாவுக்கு இன்னும் தெரியாது. நீ உடனே டிக்கெட் போடாதே, தேவைப்பட்டால் நானே கூப்பிடுவேன், உன் சித்தப்பா கூட வருகிறார்.

நீ இருக்கும் தூரத்துக்கு இதெல்லாம் சொல்லி உன்னை ஏன் வாட்டுகிறேன் என்றால் காரணம் அப்பா இல்லை, நீதான். போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, ஹீட்டரின் மேல் காலை வைத்துக்கொண்டே படம் பார்த்ததாகவும், எழுந்த பிறகுதான் குதிகாலில் கொப்புளம் பார்த்ததாகவும் சொல்லிச் சிரித்தாய். இந்தக் குளிரில் எல்லாருக்கும் கால் மரத்துத்தாம்மா போகும் என்றாய். மாப்பிள்ளைக்குக் கொப்புளம் வந்ததா என்று கேட்க நாக்கு வரை வந்து நின்றுவிட்டது, பக்கத்தில் அப்பா இருந்தார், அவரும் உன்னோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். உன் பெரியப்பாவுக்குக் காலை எடுத்தபோது நீ சின்னப்பிள்ளை, லாரி மோதியது என்று உனக்குச் சொல்லி வைத்திருந்தோம், லாரி இல்லை கீர்த்தனா, இதே சர்க்கரைதான். உனக்கு வயது ஆகவில்லை என்று நீ சொல்வாய். பெரியப்பாவுக்கும் அப்போது உன் வயதுதான் இருக்கும். தண்ணீர் அதிகம் குடிக்கிறேன், குளிரூரில் கூடத் தாகமாக இருக்கிறது என்று புரட்டாசியிலேயே நீ சொன்னதும் இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

நல்ல மாதிரி சொல்கிறேன் தாயி, வேலை, லீவு என்று தள்ளிப்போடாதே. இதைப் படித்த மறுநாளே வெறும் வயிற்றில் போய்ச் சர்க்கரை பார்க்க ரத்தம் கொடு. தினமும் குளித்ததும் பாதத்தைத் துடைத்து அடியில் கண்ணாடி வைத்துப் பார். வெறுங்காலோடு வீட்டுக்குள்ளும் நடக்காதே, வெந்நீரைக் காலில் ஊற்றும் முன் முழங்கையால் தொட்டுப் பார். மாப்பிள்ளை, இதை நீங்கள் படித்தால், அவள் சிரித்துச் சமாளிப்பாள், விடாதீர்கள். அப்பா கேட்டால் அச்சு உள்ளங்கைக்கு இதமாக இருக்கிறது என்று சொல், அது உண்மையும்தான். ரத்தம் பார்த்த விவரத்தை அவர் முன்னால் சொல்ல முடியாது என்பதால், நல்லபடியாக இருந்தால் முறுக்கு நல்லா வந்துச்சும்மா என்று சொல். இல்லையென்றால் முறுக்கைப் பற்றிப் பேசாதே, நான் புரிந்துகொள்கிறேன்.

ஆண்டவர் உன் காலடியைக் காக்கட்டும், மாதா உங்கள் இருவர் பக்கத்திலும் இருக்கட்டும். நீ கூப்பிடும் வரை போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

உன் அம்மா
செபாஸ்தியம்மாள் மரியசெல்வம்